பழைய பைன்போன் பிரேவ்ஹார்ட் ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

முருங்கைமரம்:
ஆபீசில் ஒரு அண்ணன் தன்னுடைய பைன்போன் பிரேவ்ஹார்ட்டை, அதாவது ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் போனை, விற்கப் பார்க்கிறார். 2020 தொடக்கத்தில் டெவலப்பர்களுக்கென்றே பைன்64 நிறுவனம் கொஞ்சமாகச் செய்து விட்டதே, அந்த 150 டாலர் பதிப்புதான். லேப்டாப்பில் எனக்கு டெபியன் லினக்ஸ் பழக்கம், பைத்தானும் கொஞ்சம் சியும் எழுதுவேன். ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு இதையே தினசரி போனாக வைத்துக்கொள்ளலாமா? சிம் ஜியோ.

செமிகோலன்:
தினசரி போனாகவா, வேண்டவே வேண்டாம். ஆல்வின்னர் ஏ64 சிப், 2 ஜிபி ராம், பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, கால் எல்லாம் வோல்டிஇ, அதாவது 4ஜி வழியாகத்தான், அதற்கு இதில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் குவெக்டெல் மோடத்துக்கு நீங்களே ஏடி கமாண்ட் (மோடத்துக்கான கட்டளை வரிகள்) கொடுத்துச் சரிசெய்து பார்க்க வேண்டியிருக்கும், அப்போதும் வேலை செய்தால்தான் உண்டு. யுபிஐ ஆப்பை எல்லாம் மறந்துவிடுங்கள்.

கர்னல்காபி:
செமிகோலன் சொல்வது சரி, ஆனால் அதை போன் என்று நினைத்தால்தான் அந்த வருத்தம். வாங்கும்போதே உள்ளே ஓஎஸ் கிடையாது, தொழிற்சாலையில் போனைச் சோதிப்பதற்கான மென்பொருள் மட்டும்தான் இருந்தது, அதாவது யாருக்காகச் செய்தார்கள் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. மெமரி கார்டில் இருந்துதான் முதலில் பூட் ஆகப் பார்க்கும், அதனால் உள்ளே எதைக் கெடுத்தாலும் மோபியன், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற போன் லினக்ஸ்களில் ஒன்றைக் கார்டில் எழுதிச் செருகினால் எழுந்துவிடும். பின்மூடியைக் கழற்றினால் ஆறு குட்டி சுவிட்ச் இருக்கும். மோடம், வைஃபை, மைக், இரண்டு கேமரா ஆகியவற்றை வன்பொருளிலேயே அணைக்கலாம், ஆறாவதைத் தட்டினால் ஹெட்போன் ஓட்டையே லேப்டாப்புக்குச் செய்தி அனுப்பும் சீரியல் போர்ட்டாகிவிடும்! கர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) எங்கே செத்தது என்று லேப்டாப்பில் வரிவரியாகப் படிக்கலாம், எந்தக் கடை போனில் இது கிடைக்கும்? அப்புறம் அந்த மோடத்துக்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது, அதன் ஃபர்ம்வேரையே (உள்ளிருக்கும் மென்பொருளையே) மாற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். சி தெரிந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஓட்டைடப்பா:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. பிரேவ்ஹார்ட்டில் இருப்பது சர்க்யூட் போர்டின் 1.1 பதிப்பு. யுஎஸ்பி-சி டாக் போட்டு மானிட்டரில் காட்டலாம் என்ற ஆசை இருந்தால் இதில் நடக்காது, போர்டிலேயே பிழை, 1.2ஏவில்தான் திருத்தினார்கள். சால்டரிங் கை இருந்தால் நீங்களே சரிசெய்யலாம், இல்லாவிட்டால் பின்னால் வந்த 3 ஜிபி கன்வர்ஜென்ஸ் பதிப்பைத் தேடுங்கள்.

முருங்கைமரம்:
மானிட்டர் ஆசை இருந்தது, போச்சு 😀 சரி, ஆண்ட்ராய்டு போன் கையில் இருக்கட்டும், இது மேசைக்கு. அண்ணன் எட்டாயிரம் கேட்கிறார்.

கர்னல்காபி:
பழைய போர்டுக்கு எட்டாயிரம் அதிகம், பாதிக்குக் கேளுங்கள். பேட்டரி சாம்சங் ஜே7 அளவுதான், மாற்றுவது சுலபம், ஆனால் உப்பியிருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.