லிவர்பூல், ஜூலை 2025: குவான்சாவையும் வித்தாச்சு, நாலாவது ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) யாரு?

ரெட்_ஸ்டாப்பர்:
நம்ம லிவர்பூல் 20வது லீக் டைட்டில் ஜெயிச்ச சந்தோஷம் அடங்கலை, அதுக்குள்ள அழுறான்னு திட்டாதீங்க. இந்த ஜூலையில குவான்சாவை லெவர்குசனுக்குக் கொடுத்தாச்சு. நாட் பிலிப்ஸும் வெஸ்ட் பிராம் போயாச்சு. கையில இருக்கிற சீனியர் ஸ்டாப்பருங்க மூணே பேர். வான் டைக்குக்கு 34 முடிஞ்சாச்சு. கோனாட்டே ஒப்பந்தம் இன்னும் ஒரே வருஷம். கோமஸ் போன டிசம்பர்ல வெஸ்ட் ஹாம் மேட்ச்ல காயம், பிப்ரவரியில பிளிமத்ல திரும்ப எறங்கினாரு, கொஞ்ச நேரத்துலயே மறுபடி வெளிய. அதோட அவர் சீசன் முடிஞ்சது.

இதே கணக்கைத்தானே 2020-லயும் போட்டோம்? லோவ்ரெனை ஜெனித்துக்கு வித்துட்டு பதிலுக்கு யாரையும் வாங்கலை. அக்டோபர்ல வான் டைக், நவம்பர்ல கோமஸ், ஜனவரியில மாட்டிப்னு வரிசையா விழுந்தாங்க. எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கு?

மிட்நைட்_மச்சி:
பாஸ், 22 வயசுப் பையனுக்கு 35 மில்லியன் பவுண்டு வரைக்கும் வருதுன்னா யாரா இருந்தாலும் விப்பான். கோச் ஸ்லாட் தன்னோட முதல் லீக் மேட்ச்லயே, இப்ஸ்விச்ல, ஹாஃப் டைம்ல குவான்சாவைத் தூக்கிட்டு கோனாட்டேவை எறக்கினாரு. நம்பிக்கை அன்னிக்கே போச்சு. வான் டைக் போன சீசன்ல 37 லீக் மேட்ச் ஆடியிருக்காரு. அவசரம்னா பின்னாடி இழுத்துக்க நடுவுல ஆடுற எண்டோ இருக்காரு, கிராவன்பெர்க் இருக்காரு. ஏன் பதட்டம்?

ரெட்_ஸ்டாப்பர்:
அந்த எண்டோ, கிராவன்பெர்க் வரிதான் பாஸ் என் பதட்டமே.

நான் எங்க ஏரியா டீம்ல ஒன்பது வருஷம் ஸ்டாப்பர் ஆடினவன். (எங்க கிரவுண்டுல சென்டர் பேக்னு சொன்னா திரும்பிக்கூட பாக்க மாட்டானுங்க, ஸ்டாப்பர்தான்.) ஸ்டாப்பர் ஒருத்தன் வரலைன்னா ஹாஃப்ல, அதாவது நடுவுல, ஆடுறவனைப் பின்னாடி இழுப்போம். ஒரு ஓட்டை அடைஞ்சிடும், நடுவுல புதுசா ஒண்ணு விழும். ஆப்பத்தைப் பங்கு போட்ட குரங்கு கதைதான்.

2021 பிப்ரவரி 20, எவர்டன் மேட்ச். நமக்கு ராத்திரி 11 மணி. ஸ்டாப்பர் இடத்துல, நடுவுல ஆடுற ஹெண்டர்சனும், லோன்ல வந்து மூணு வாரம்கூட ஆகாத கபக்கும். மூணாவது நிமிஷம். ஹாமேஸ் ரோட்ரிகஸ் ஒரு பாஸ் கொடுக்கிறாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல ரிச்சார்லிசன் நுழையுறான், கோல். 'நீ பாத்துப்ப'ன்னு அவனும் 'நீ பாத்துப்ப'ன்னு இவனும் விட்ட சந்து அது. நான் பல தடவை விட்டிருக்கேன், பாத்தவுடனே வயித்தைப் பெசைஞ்சது. அரை மணி நேரத்துக்குள்ள ஹெண்டர்சனும் காயமாகி வெளிய போனாரு. நம்ம மைதானம் ஆன்ஃபீல்டுல எவர்டன் ஜெயிச்சது 1999க்கு அப்புறம் அன்னிக்குத்தான். வீட்டுல எவர்டன் ரசிகன் எவனும் இல்லை, நல்ல வேளை.

பழைய_கோப்:
தம்பி சொல்றது சரி. அந்த சீசன்ல சொந்த மைதானத்துல வரிசையா ஆறு தோல்வி: பர்ன்லி, பிரைட்டன், சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம். மார்ச்ல, ஸ்டாப்பரா ஆடிட்டிருந்த ஃபாபின்யோவைத் திரும்ப நடுவுல விட்டப்புறம்தான் டீமுக்கு மூச்சு வந்துச்சு. பின்னாடி நின்னது யாரு? பெரும்பாலும் நாட் பிலிப்ஸ். கடைசி 10 மேட்ச்ல 8 வெற்றி, 2 டிரா, மூணாவது இடம். அவனைப் பெரிய ஆட்டக்காரன்னு யாரும் சொல்லலை. தலையால முட்டுவான், அவன் இடத்தை விட்டு நகர மாட்டான், அவ்வளவுதான்.

மிட்நைட்_மச்சி:
சரி, ஒத்துக்கிறேன். அப்போ கிரிஸ்டல் பேலஸ் ஸ்டாப்பர் குயேஹி? அவருக்கும் அடுத்த ஜூன்ல ஒப்பந்தம் முடியுது.

ரெட்_ஸ்டாப்பர்:
வந்தா நேர்த்திக்கடன் செலுத்துறேன். ஆனா பேலஸ் கேப்டன், மே மாசம்தான் சிட்டியை அடிச்சு எஃப்ஏ கப் தூக்கினவரு. சும்மா விடுவாங்களா? கடைசி நாள் வரைக்கும் பேரம் பேசிட்டு இருந்தா என்ன ஆகும்னு பென் டேவிஸைக் கேளுங்க. 2021 பிப்ரவரி 1, டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுற அன்னிக்கு பிரெஸ்டன்ல இருந்து வாங்கினோம். நமக்காக ஒரு மேட்ச்கூட ஆடலை.

பெரிய பேரு வேணாம்பா. கால் நல்லா இருக்கிற ஒருத்தன் போதும்.

பழைய_கோப்:
ஆகஸ்ட் 15 போர்ன்மவுத் மேட்ச், நமக்கு நள்ளிரவு 12:30. முதல்ல பெஞ்ச் லிஸ்டைப் பாக்கிறேன். நாலாவதா ஒரு ஸ்டாப்பர் பேரு இருந்தா மெசேஜ் போடுறேன். இல்லைன்னா நீ தூங்கு.