முன் பிரேக் லீவர் பஞ்சாக அமுங்கிய அனுபவங்கள்: பழைய டிஸ்க் வண்டிக்காரர்கள் பகிர்கிறார்கள்

மலையேறி, நாமக்கல்

வண்டி 2004ஆம் ஆண்டு 150 சிசி; முன்னால் ஒற்றை டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு, பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு இறங்கினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்திருப்போம். அடுத்த வளைவுக்காக லீவரைப் பிடித்தபோது, அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி ரப்பரைப் போய்த் தொட்டது. கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, மலைப்பக்க மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். அதைவிட என்னை இன்றும் உறுத்துவது அதன்பின் நடந்ததுதான். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து பிடித்துப் பார்த்தால், லீவர் ஏறக்குறைய பழையபடி நின்றது. ஊர் திரும்பி, ஹேண்டில் மேல் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தபோது ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஈரம் சேர்ந்ததால் ஆயில் கொதித்துவிட்டது என்றார் மெக்கானிக். கொஞ்சம் ஈரம் சேர்ந்ததற்கு இத்தனை பெரிய விளைவா?

பழையவண்டி, நெல்லை

ஈரம் அத்தனையும் செய்யும். டாட் 3 வகை ஆயில் (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது விதி; அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கம் முழுவதும் முன் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால்தான் உங்கள் லீவர் திரும்ப வந்தது.

என் கதை வேறு. லீவரைப் பிடிக்கையில் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கிட் (உள்பாகங்கள்) மாற்றியபின், சமதளச் சாலையிலேயே லீவர் பஞ்சாக இருந்தது. கடையில் காலிப்பரில் உள்ள நிப்பிள் என்ற சிறு திருகைத் தளர்த்தி, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆயில் போனதே தவிர லீவர் கெட்டியாகவில்லை. ஒருநாள் ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பி, டப்பாவின் மூடியைக் கழற்றி, லீவரை ஒரு நூல் அளவு மட்டும் தட்டித் தட்டி விட்டேன். டப்பாவின் அடியில் உள்ள ஊசிமுனைத் துளையிலிருந்து கடுகுமணி போன்ற குமிழிகள் வரிசையாக எழுந்து வந்தன. காற்று இருந்தது மேலே, ஆயில் போகும் ஹோஸ் மாஸ்டர் சிலிண்டரில் சேரும் துளையுள்ள போல்ட்டுக்குள். எஞ்சியதற்கு லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டி இரவு முழுவதும் விட்டேன். விடியும்போது லீவர் சரியாக இருந்தது.

ஸ்பேனர், சென்னை

நெல்லை நண்பர் சொன்ன கயிற்று வைத்தியத்தை எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் இரவில் காற்று தானாக ஏறி டப்பாவுக்குள் போய்விடுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப் போக வழியே இல்லை. லீவர் இழுபட்டிருக்கையில் பிஸ்டன் அந்தச் சிறு துளையைத் தாண்டி முன்னே போய்விடுவதால் பாதை அடைபட்டிருக்கும். குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கி, மெல்ல மேலேறிப் பிஸ்டனுக்கு முன்னால் கூடி நிற்கும். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் துளை திறந்து அவை வெளியேறும். ஆகவே அவிழ்த்தபின் லீவரை மெல்லத் தட்டிவிட வேண்டும். அந்தத் துளையே அழுக்கால் அடைந்திருந்தால் எத்தனை இரவு கட்டினாலும் பயனில்லை.

எனக்கு நேர்ந்தது புதுப்பேட்டையில் வாங்கிய பழைய காலிப்பரால். மறுபக்கத்துக்கான காலிப்பர் அது. மாட்டியபோது நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலே, வெளியேறும் வழி கீழே. இரண்டு போல்ட்டைக் கழற்றி, டிஸ்கை அழுத்தும் பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, காலிப்பரைக் கையில் தலைகீழாகப் பிடித்தபடி நிப்பிளைத் தளர்த்தினேன். ஒரே பீய்ச்சலில் வந்த காற்றோடு ஆயில் என் சட்டையெல்லாம் தெறித்தது.

திருச்சிக்காரர்

எனக்கு ஹோஸ்தான். மகனை லீவரைப் பிடிக்கச் சொல்லி, ரப்பர் ஹோஸை என் உள்ளங்கையால் சுற்றிப் பிடித்தேன். அவன் அழுத்தும்போதெல்லாம் அது கைக்குள் புடைத்தது. எஃகு வலை சுற்றிய ஹோஸ் போட்டேன், தீர்ந்தது.

இதைப் படிப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன். டப்பாவின் மூடியில் எந்த டாட் எண் பொறித்திருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளில் செய்த வகை. டாட் 5 சிலிக்கோன் வகை, அதை இவற்றுடன் கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் எண்ணில்தான் நெருக்கம், பொருளில் இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், திறந்து பல மாதம் கிடந்த புட்டியிலிருந்து ஊற்றாதீர்கள். ஹோஸைக் கழற்றினால், போல்ட் நுழையும் ஹோஸ் முனையின் இருபுறமும் புதிய செம்பு வாஷர் போடுங்கள். டேங்க் மேல் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏர் எடுக்கும்போது லீவரை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூட வேண்டும், டப்பாவில் ஆயில் வற்றவும் விடக்கூடாது.

ஓசூர் டிஸ்க்

திருச்சிக்காரர் ஐயா சொன்னதைக் கேட்டு எல்லோரும் ஹோஸ் வாங்க ஓட வேண்டாம். நான் ஹோஸும் மாற்றினேன், ஆயிலும் மாற்றினேன். லீவரில் அந்தத் துள்ளல் போகவில்லை. கடைசியில் முன் சக்கரத்தின் எதிரே தரையில் உட்கார்ந்து, மனைவியை லீவரைப் பிடிக்கச் சொல்லி டிஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிடிக்கும் டிஸ்க் பக்கவாட்டில் வளைந்து வளைந்து திரும்பியது! மிதக்கும் காலிப்பர், அதாவது பக்கவாட்டில் நகரும் காலிப்பர், வழுக்க வேண்டிய பின்கள் காய்ந்து துருவேறிப் பிடித்திருந்ததால், பிஸ்டன் பக்கப் பேட் மட்டும் டிஸ்கைத் தள்ளியிருக்கிறது. நான் கையில் உணர்ந்த துள்ளல் இரும்பு வளையும் துள்ளல். பின்களைச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டினேன். டிஸ்க் அசையாமல் நின்றது, லீவரும் நின்றது. புது ஹோஸ் வண்டியில்தான் இருக்கிறது, கழற்ற மனம் வரவில்லை.