புல்டாக் குட்டி வாங்கியவர்கள், ஈத்து எடுத்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

சுருக்கமூக்கு:
இங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் புல்டாக் பழக்கம் என்பதால் முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். வீட்டில் இரண்டே பெட்டை வைத்து, எப்போதாவது ஒரு ஈத்து எடுக்கிற ஒரு அக்காவிடம் குட்டி வேண்டும் என்று என் பெயரைக் கொடுத்துக் காத்திருந்தேன். அடுத்த ஹீட்டில், அதாவது பெட்டை இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவத்தில், மேட்டிங் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் மூச்சுப் பரிசோதனை செய்யப் போகிறேன், விருப்பம் இருந்தால் நீங்களும் வாங்க என்றார், போனேன். புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்காக, நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2019இல் கொண்டுவந்த அந்த முறைதான். முதலில் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார்கள், அப்புறம் 3 நிமிடம் வேக நடை, உடனே திரும்பவும் கேட்பார்கள், 0 முதல் 3 வரை கிரேடு, 3 என்றால் மோசம். நாய் அவ்வளவு அழகு, ஷோவில் பரிசு வாங்கியது, உடம்பில் ஒரு குறை சொல்ல முடியாது. நடந்து முடித்ததும் டாக்டர் கேட்டார், ஒன்றும் பேசாமல் ஸ்டெதஸ்கோப்பை அக்காவிடம் கொடுத்தார், அவர் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். குறட்டை மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் காதில் மாட்டினேன். ஒவ்வொரு தடவை மூச்சை உள்ளே இழுக்கும்போதும் ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். வெளியே அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு என் கையை நக்குகிறது, உள்ளே இந்தச் சத்தம். கிரேடு 3. அக்கா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, குட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டு "இவளுக்கு இனிமேல் மேட்டிங் கிடையாதுங்க" என்று சொன்னார். குரல் உடைந்துதான் இருந்தது, ஆனாலும் ஒருவரைக்கூட விடவில்லை. எனக்குக் குட்டி கிடைக்கவில்லை என்ற வருத்தம் போய்விட்டது, அந்தச் சத்தம்தான் போகவில்லை. இப்போது யாராவது "எங்க புல்டாக் எப்படிக் குறட்டை விடுது பாருங்க" என்று வீடியோ போட்டால் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

ராத்திரி_விழிப்பு:
எங்களுடையது சிசேரியன் கதை. தலை பெரிசு, இடுப்பு ஒடுக்கம், புல்டாக்கில் பெரும்பாலானவை அறுவையில்தான் பிறக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும், அதனால் அறுவை எனக்கு அதிர்ச்சி இல்லை. குட்டிகள் எல்லாம் சத்தம் போட்டுவிட்டன, கடைசிக் குட்டி மட்டும் உடம்பெல்லாம் நீர் கோத்து மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பருமனாக வந்தது, 'வாட்டர் பப்பி' என்பார்களே, அது. தேய்த்துப் பார்த்தார்கள், வாயில் இருந்த நீரை உறிஞ்சினார்கள், பிழைக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு தாய் நாய் மயக்கம் முழுசாகத் தெளிந்து எழுந்து, பெட்டிக்குள் நெளிகிறவற்றை இது என்ன என்பது போலப் பார்த்தாள். தான் பெற்றவை என்ற உணர்வே இல்லை. அறுவைக்குப் பின் இப்படி நடக்கும், நஞ்சுக்கொடி நீரை முகத்தில் தடவிக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், செய்தோம், மெதுவாக ஒன்றை நக்கினாள். சரி, ஏற்றுக்கொண்டாள் என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில் அப்படியே பின்பக்கம் சரிந்து உட்கார்ந்தாள். கீழே ஒரு குட்டி. நான் கையை உள்ளே விட்டு இழுத்தேன், கத்தக்கூட இல்லை அது, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிழைத்துவிட்டது. அன்றிலிருந்து குட்டிகளைத் தனிப் பெட்டியில் வைத்து, பால் குடிக்க மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவிடம் கொண்டுபோய், கூடவே உட்கார்ந்து, திரும்ப எடுத்து வைத்தோம். ராத்திரி பகல் தெரியாது. பக்கத்தில் 25 கிலோ நாயை வைத்துக்கொண்டு கண்ணயர முடியுமா?

பழைய_கை:
சுருக்கமூக்கு நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை ஸ்டெதஸ்கோப்பில் கேட்டதை வைத்து நல்ல ரத்த வரிசை ஒன்றை நிறுத்திவிடுவது சரியென்று நான் நினைக்கவில்லை. வெயில், பதற்றம், உடம்பில் கூடுதல் எடை, எல்லாமே மூச்சை மாற்றும். எடையைக் குறைத்துவிட்டு மறுபடி பார்த்திருக்கலாம். ஏற்கெனவே இந்த இனத்தில் மரபணு வேறுபாடு ரொம்பக் குறைவு என்று டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வே 2016இல் சொல்லிவிட்டது, இருக்கிற பெட்டைகளையும் இப்படி ஒதுக்கிக்கொண்டே போனால் மிச்சம் என்ன இருக்கும்?

என் அனுபவம் சின்னது. நண்பர் ஒருவர் மேட்டிங் நடந்த தேதியை வைத்து நாள் எண்ணி, அறுவைக்கு நாள் குறித்துவிட்டார். குட்டிகள் உயிரோடுதான் வந்தன, நுரையீரல் தயாராகவில்லை. ஒவ்வொன்றாக நிறம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

ஆனால் இதைப் படிக்கிற புதியவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். மேட்டிங் தேதி கணக்குக்கு உதவாது, விந்தணு உள்ளே பல நாள் உயிரோடு இருக்கும், மேட்டிங்கிலிருந்து எண்ணினால் 57 நாளிலும் ஈனலாம், 72 நாளிலும் ஈனலாம். ஹீட் தொடங்கியதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தொடும்போது முட்டை வெளியாகிறது, அந்த நாளிலிருந்து 63 நாளில் ஈனும், ஒருநாள் முன்னே பின்னே. அறுவைக்கு முன்னால் மறுபடி பாருங்கள், 2க்குக் கீழே இறங்கியிருந்தால்தான் குட்டிகள் வெளியே வரத் தயார் என்று அர்த்தம். கடைசி வாரம் காலை மாலை உடல் வெப்பம் எடுங்கள், 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஊசியை யார் கையில் கொடுத்தாலும் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள், குட்டி அடைத்துக்கொண்டு நிற்கும்போது போட்டால் கருப்பையே கிழியும். குட்டி பிறந்த முதல் வாரம் பெட்டி 30 டிகிரிக்கு இருக்கட்டும், ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக, குட்டி நகர்ந்துகொள்ள. உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது, முதலில் சூடு, அப்புறம்தான் பால். சீம்பால் முதல் நாளிலேயே உள்ளே போயாக வேண்டும். அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று விளக்கடித்து வாயைத் திறந்து பாருங்கள், மூக்கு வழியாகப் பால் வந்தபிறகு பார்ப்பதில் பயனில்லை. தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள், முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், அதற்குப் பிறகு ஒருநாள் ஏறாவிட்டாலும் காரணம் தேடுங்கள்.

கல்லடைப்பு:
பழைய_கை ஐயா, உங்கள் கணக்கெல்லாம் சரி, ஆனால் அதெல்லாம் குட்டியை உயிரோடு வெளியே எடுக்கிற கணக்கு. எந்தக் குட்டி பிறக்கவே கூடாது என்பதல்லவா முதல் கேள்வி? எங்கள் புல்டாக் பையனுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் காலைத் தூக்கி நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். சொட்டுக்கூட வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்றும் தூக்கத்தில் வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ஸ்கேனில்தான் தெரிந்தது, யூரேட் கல், யூரிக் அமில உப்பு சேர்ந்து உருவாகிற சிறுநீர்க் கல். புல்டாக்கில் பரம்பரையாக வருகிற யூரிக் அமிலக் கோளாறு, ஹெச்யூயூ என்று ஒரு மரபணுச் சோதனை, வாயில் பஞ்சுக்குச்சி தடவி அனுப்பினால் முடிந்தது. அப்பா அம்மா இரண்டு பேருமே அந்தக் குறையை வெளியில் தெரியாமல் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் சுமந்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது, அதனால் யாரையும் ஒதுக்கக்கூட வேண்டியதில்லை, தெரிந்து ஜோடி சேர்த்தால் போதும். குட்டி கொடுத்தவரிடம் சொன்னபோது "எங்க லைன்ல இதெல்லாம் கிடையாது, தண்ணி சரியா வைக்கலையா?" என்று கேட்டார். அறுவை முடிந்து, சிறப்பு உணவும் மாத்திரையும் வாழ்நாள் முழுக்க என்று ஆகிவிட்டது. அதே ஜோடியை மறுபடி சேர்த்தார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

மருந்துவாசம்:
கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். புல்டாக் சிசேரியன் பார்த்துப் பழகிய எனக்கே ஒன்று மறக்கவில்லை. மூன்றாவது அறுவைக்கு வந்த பெட்டை. டாக்டர் வயிற்றைத் திறந்ததும் குடலும் கருப்பையும் ஒட்டிக்கிடந்தன, பிரிக்கவே வெகு நேரம். பழைய தையல் இருந்த இடத்தில் கருப்பைச் சுவர் எவ்வளவு மெலிந்திருந்தது என்றால், விளக்கு வெளிச்சத்தில் உள்ளே குட்டியின் கறுத்த நிழல் தெரிந்தது. டாக்டர் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். வெளியே உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை குட்டி என்பது. இரண்டு சிசேரியன் ஆன பெட்டையின் அடுத்த ஈத்தைப் பிரிட்டனில் கென்னல் கிளப் 2012லிருந்தே பதிவு செய்வதில்லை. காகிதம் தராவிட்டால் போதுமா என்று கேட்கலாம், ஆனால் அந்த இரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாம்பல்நிறம்:
நீலச் சாம்பல் நிறப் புல்டாக் குட்டி, 'அபூர்வ நீலம்' என்று விளம்பரம் பார்த்துப் போனேன். அம்மா எங்கே என்றேன், ஊருக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அப்பா எங்கே, போட்டோ காட்டினார்கள். சோதனை ரிப்போர்ட் என்றேன், தடுப்பூசி அட்டையை நீட்டினார்கள். குட்டி ஒன்று என் செருப்பு மேல் தூங்கிவிட்டது, அதை மெதுவாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். வீடு வரும்வரை அழுதேன். சில நீல நிற நாய்களுக்குப் பின்னாளில் முடி கொட்டித் தோல் புண்ணாகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய_கை:
கல்லடைப்பு சொன்ன ஹெச்யூயூ சோதனையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, அதைச் செய்யாமல் ஜோடி சேர்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை. மூச்சு விஷயத்தில் மட்டும் சொல்கிறேன், கிரேடு நிலையானது இல்லை, வயதாக ஆக மாறும், அதனால்தான் அந்தச் சான்றிதழே 2 வருடத்துக்குத்தான் செல்லும்.

சுருக்கமூக்கு:
ஐயா, மாறும் என்பது உண்மை, ஆனால் அந்த நாய்க்கு எடை கூடுதல் இல்லை, அறை குளிர்ச்சியாகத்தான் இருந்தது, டாக்டர் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். மென் அண்ணம் நீண்டு மூச்சுக்குழல் வாயை மூடுகிறது என்று மயக்கம் கொடுத்துப் பார்த்தபோது உறுதியானது. கருத்தடையையும் அண்ண அறுவையையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிட்டார்கள். நார்வேயில் 2022இல் புல்டாக் இனப்பெருக்கத்தையே கீழ் நீதிமன்றம் தடுத்து, மேல்முறையீட்டில் அந்தத் தடை நீங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனமே வேண்டாம் என்பவர்களுக்கு நாம் காட்டக்கூடிய ஒரே பதில் இந்த அக்கா மாதிரி ஆட்கள்தான் என்று நான் நம்புகிறேன். வேறுபாடு குறைகிறது என்ற உங்கள் கவலை நியாயம், அதற்கு அவர் செய்தது இதுதான்: இன்னொரு பெட்டைக்கு, தன் வரிசையோடு சம்பந்தமே இல்லாத, கிரேடு 0 வாங்கிய, மூக்குத் துளை நன்றாகத் திறந்த ஒரு ஆண் நாயைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஷோவில் அது ஜெயிக்காது என்று அவரே சொல்கிறார். உங்களுக்குத் தெரிந்து அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

பழைய_கை:
ஒன்று இருக்கிறது. முகம் கொஞ்சம் நீளம் என்று யாரும் கேட்காத நாய், படியேறினாலும் மூச்சு வாங்காது. ஹெச்யூயூ சுத்தம், இடுப்பு எக்ஸ்ரேயும் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனை செய்ததில்லை, முதலில் அதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.