நின்றுகொண்டிருந்த லாரியில் மோதிய அண்ணன் மீதே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், இழப்பீடு கேட்க வழி இருக்கிறதா?

கேட்பவர்: அண்ணனுக்காக

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 34 வயது, வீட்டு வயரிங் வேலை செய்கிறவர். போன மாதம் இரவு வேலை முடிந்து பைக்கில் வரும்போது நான்கு வழிச்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்பக்கம் மோதிவிட்டார். லாரி ஓடிக்கொண்டிருக்கவில்லை. இடது டிராக்கில் பாதியும் மண்ணில் பாதியுமாக நின்றிருக்கிறது. பின்னால் விளக்கு எதுவும் எரியவில்லை என்று அண்ணன் சொல்கிறார். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்தால் "மோட்டார் சைக்கிளை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, நின்றுகொண்டிருந்த லாரியில் மோதி" என்று எழுதியிருக்கிறார்கள். புகார் கொடுத்தவர் லாரி டிரைவர். அண்ணன் அப்போது ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

லாரி ஓனரின் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து 40,000 ரூபாய் தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். இன்னொருவர், தன்னை வக்கீல் ஆபீஸ் ஆள் என்று சொல்லிக்கொள்கிறவர், "கையிலிருந்து பைசா செலவு வேண்டாம், வருவதில் முப்பது சதவீதம் எங்களுக்கு" என்று வக்காலத்தும் நாலைந்து வெள்ளைத் தாள்களும் நீட்டினார். அண்ணி பயந்துபோய் இருக்கிறார். நான் இன்னும் எதிலும் கையெழுத்துப் போட விடவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற குமாஸ்தா

அம்மா, கையெழுத்துப் போட விடாமல் நிறுத்தியது மிகச் சரி. நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ஆபீசில் பெரும்பாலும் எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எஃப்.ஐ.ஆரில் அண்ணன் பெயர் இருப்பதால் எல்லாம் முடிந்துபோகவில்லை. அது முதலில் ஸ்டேஷனுக்குப் போனவர் சொன்ன கதை, அவ்வளவுதான். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. சாட்சியம், ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் பார்த்து யார் பக்கம் தவறு என்று தானே முடிவு செய்யும். குற்ற வழக்கு போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். பிறருக்கு ஆபத்து வரும்படி வண்டியைச் சாலையில் விட்டுச்செல்லக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவே சொல்கிறது. நடுரோட்டில் விளக்கில்லாமல் நின்ற டேங்கரில் மோதிய ஒரு வழக்கில், மோதியவர் மீது பங்குத் தவறுகூட இல்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கில் அண்ணனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று முடிவானால், அந்தச் சதவீதம் மட்டும் தொகையில் கழியும். மொத்தமும் போகாது.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. அண்ணன் பேசும் நிலையில் இருப்பதால் அவர் கையெழுத்தோடு நடந்ததைப் புகாராக எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதையே எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 173(4) பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. நாளைக்கு இன்சூரன்ஸ் வக்கீல் "இத்தனை நாள் ஏன் வாயே திறக்கவில்லை?" என்று கேட்பார். அப்போது அந்தத் தபால் ரசீது பதில் சொல்லும்.

40,000 விஷயம். அந்தப் பத்திரத்தில் "யார் மீதும் குற்றமில்லை, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பின்னால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஓனர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். லாரிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால், உயிருக்கும் உடம்புக்கும் ஏற்பட்ட இழப்புக்கு அந்தப் பாலிசியில் உச்சவரம்பே கிடையாது. டிரைவர் லைசென்ஸில் கோளாறு இருந்தாலும், பொதுவாகக் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 2004-லிருந்து உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. ஓனரின் பயம் அங்கேதான் இருக்கிறது.

முப்பது சதவீத ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீலுக்குத் தடை. ஆள் விட்டுக் கட்சிக்காரரைப் பிடிப்பதும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் கையெழுத்து, கையெழுத்திட்ட செக், பாஸ்புக் எதுவும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு அம்மா, தன் பெயரில் எவ்வளவு தொகை வந்தது என்பதே தெரியாமல் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். வழக்கை நடத்தியவர் வேறு யாரோ. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். 1-4-2022 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். கால் முடியாதவரை அலையவிடாமல் பக்கத்திலேயே போடுங்கள்.

பதில் 2: டிரெய்லர் ஓட்டி

நான் கன்டெய்னர் ஓட்டுகிறவன். எங்கள் ஆட்களை விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நிறுத்தின விதம் தப்பு என்றால் தப்புதான்.

கன்டெய்னர் வண்டியில் முன்னால் இழுக்கிற குதிரைக்கு ஒரு நம்பர், பின்னால் டிரெய்லருக்குத் தனி நம்பர். இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி., தனித்தனி இன்சூரன்ஸ் இருக்கும். அண்ணன் மோதியது டிரெய்லரின் பின்பக்கம். எஃப்.ஐ.ஆரில் முன் நம்பர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எம்பரிவாகன் ஆப்பில் இரண்டு நம்பரையும் அடித்தால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வண்டி இன்னும் ஸ்டேஷனில் நின்றால் இன்றைக்கே போய்ப் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். வெளியே விட்டபிறகு புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட பத்து நிமிடம் போதும். சிவப்பு டேப் கிழிந்திருக்கிறதா, சேறு மூடியிருக்கிறதா, டெயில் லேம்ப் கண்ணாடி எந்தப் பக்கம் உடைந்தது, பல்பே இல்லாமல் வெறும் ஹோல்டர் மட்டும் இருக்கிறதா, எல்லாம் கிட்டப்போய் எடுங்கள். பிரேக்டவுன் ஆனால் நாங்கள் முக்கோணம் வைப்போம். அது இல்லையென்றால் கொப்பு ஒடித்துப் போட்டு, கொஞ்ச தூரம் தள்ளிக் கல் அடுக்குவோம். அந்த இடத்தில் அப்படி எதுவும் கிடந்ததா என்று முதலில் ஓடிவந்தவர்களிடம் கேளுங்கள். 108-க்குப் போன் செய்தவர் நம்பர் கிடைத்தால் அவர்தான் உங்கள் முதல் சாட்சி.

டோல்கேட் கேமரா பதிவு ரொம்ப நாள் இருக்காது. வக்கீல் மூலம் உடனே எழுதிக் கேளுங்கள். ஃபாஸ்டேக் நேரத்தை வைத்து லாரி எத்தனை மணிக்கு டோலைத் தாண்டியது, எவ்வளவு நேரமாக அங்கே நின்றது என்று கணக்குப் போட்டுவிடலாம். 1033 ஹைவே உதவி எண்ணுக்கு அன்றைக்கு யாராவது தகவல் சொல்லியிருந்தால் அதுவும் பலம்.

பதில் 3: மெஷின் தைக்கும் அக்கா

தங்கச்சி, நான் கேஸ் நடத்தி முடித்தவள். டிப்பர் லாரி இடித்து எனக்கு வலது கணுக்கால் போனது. எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது ஒன்றுதான்: டாக்டர் எழுதும் ஊனச் சதவீதம் வேறு, உன் அண்ணன் இழந்த வேலை வேறு.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் "நடக்கிறீர்கள் அல்லவா?" என்று கேட்டார். நடக்கிறேன் என்றேன். பாதத்தைக் கீழே அழுத்த வராது, பெடல் மிதித்தால் கொஞ்ச நேரத்தில் வீங்கிவிடும், பிளவுஸ் ஆர்டர் எடுப்பதையே விட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். ஆர்டர் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். விபத்துக்கு முந்தைய பக்கங்களில் பெயரும் அளவும் நெருக்கமாக இருக்கும், அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். நீதிபதி அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

உன் அண்ணன் ஏணியில் ஏற வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரில் காடி வெட்ட வேண்டும். இதையெல்லாம் மனுவிலேயே எழுதச் சொல். பிளேட்டை எடுக்க மறு ஆபரேஷன் என்றால் செலவு மதிப்பீட்டை டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் வாங்கு. ஆட்டோ செலவு, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் இழந்த கூலி, எல்லாவற்றுக்கும் தனித்தலைப்பு உண்டு. அண்ணி வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதையும் விட்டுவிடாதே.

எனக்கு லோக் அதாலத்தில், அதாவது இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. கேட்டதை விடக் குறைவுதான், ஆனால் பணம் சீக்கிரம் வந்தது. அங்கே ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு தலையாட்ட வேண்டும்.

அண்ணனுக்காக

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. லாரி ஸ்டேஷனில்தான் நின்றது, போய்ப் போட்டோ எடுத்துவிட்டோம். டிரெய்லரின் வலது டெயில் லேம்பில் பல்பே இல்லை, ஹோல்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது. எஃப்.ஐ.ஆரில் முன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. புகாரை ஸ்டேஷனில் வாங்கவில்லை, எஸ்.பி. ஆபீசுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டோம்.

ஐயா, இரண்டு சந்தேகம். தவறு யாருடையது என்றே பார்க்காமல் 2.5 லட்சம் கிடைக்கும், அதை வாங்கிவிட்டால் தொல்லை இல்லை என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? அண்ணனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வருமானத்தை எப்படிக் காட்டுவது?

ஓய்வுபெற்ற குமாஸ்தா

உண்மைதான் அம்மா. 164-வது பிரிவு அது. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கும் 166-வது பிரிவு மனு அத்தோடு போய்விடும். சாட்சியே இல்லாத வழக்கென்றால் நானே வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். பல்பில்லாத ஹோல்டரின் போட்டோ கையில் இருக்கும்போது சொல்ல மாட்டேன்.

ஏன் என்று கணக்காகவே பாருங்கள். மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றதாக வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 31 முதல் 35 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. ஆக 48,38,400. சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று முடிவானால் 14,51,520. மருத்துவச் செலவு, வலி வேதனை, மற்றதெல்லாம் இதற்கு மேல். அதே காலுக்கு, வேலையைப் பற்றி யாரும் பேசாமல் 30 சதவீத ஊனம் என்று மட்டும் எடுத்து, ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று போட்டால் ஒன்றரை லட்சம்தான். மேலே மெஷின் தைக்கும் அம்மா சொன்னது இதைத்தான். இடது கை போன தச்சருக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட முழு இழப்பு, அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டரை விசாரிக்க வேண்டும்.

வருமானத்துக்கு: வயர்மேன் லைசென்ஸ், கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, ஜிபே வரவுகளோடு பேங்க் ஸ்டேட்மென்ட், அவர் பெயர் போட்ட எலக்ட்ரிகல் கடை பில்கள். கடிதம் மட்டும் கொடுக்கும் கான்ட்ராக்டர் போதாது, கூண்டில் ஏறிச் சொல்லத் தயாரான ஒருவர் வேண்டும். கூச்சப்படாமல் இப்போதே கேட்டு வையுங்கள்.

மனுவில் டிரைவர், குதிரை ஓனர், அதன் இன்சூரன்ஸ், டிரெய்லர் ஓனர், அதன் இன்சூரன்ஸ் என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி கைமாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு. அப்புறம், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எல்லா பில்லும் ஒரிஜினலாக வாங்குங்கள். யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். சான்றாவணமாகக் குறியிடும் நாளில்தான் ஒரிஜினல் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும்.