வீடில்லாதவங்களுக்கு தங்கும் இல்லம் ஆரம்பிக்கறேன், பாட்டு கேட்டும் மனசு அடங்கல

முப்பது_கட்டில்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து வீடு இல்லாதவங்க ராத்திரி வந்து தங்கறதுக்கு ஒரு இல்லம் ஆரம்பிக்கறோம், லாப நோக்கம் கிடையாது, மொத்தம் 30 கட்டில். பதிவு முடிஞ்சிடுச்சு, கட்டடமும் கிடைச்சிடுச்சு, ஆனா அவசரத்துக்கு வெளிய போக ரெண்டாவது வழி இல்லன்னு ஃபயர் சேஃப்டி பேப்பர் திரும்பி வந்துடுச்சு, அக்கம்பக்கத்துல பாதி பேர் கையெழுத்து போட்டு எங்களுக்கு எதிரா மனு குடுத்திருக்காங்க, பெருசா நன்கொடை தர்றேன்னு சொன்னவர் இப்ப போனே எடுக்கறதில்ல. வேலையையும் விடல, ராத்திரி 11 மணிக்கு மேலதான் இதுக்கெல்லாம் உக்கார்றேன்.

எனக்கு சின்ன வயசுலேர்ந்து பாட்டுதான் மருந்து. புல்லாங்குழல் கூட கொஞ்சம் வாசிப்பேன், இப்ப எடுத்தே ரொம்ப நாளாச்சு. அதனால இது ஆரம்பிச்ச நாள்லேர்ந்து காலைல எழுந்தா காதுல ஹெட்ஃபோன், மெதுவா ஒரு பியானோ ப்ளேலிஸ்ட், இல்லன்னா மழைச் சத்தம். முதல் ரெண்டு வாரம் சூப்பரா இருந்துச்சு. இப்ப அந்த பியானோ ஆரம்பிச்சாலே வயித்த கலக்குது, அத கேட்டுக்கிட்டேதான் வந்த நிராகரிப்பு லெட்டரெல்லாம் படிச்சேன், அதனாலயோ என்னவோ. போன வாரம் ஒரு நாள் ஹெட்ஃபோன கழட்டி பாத்தா சார்ஜ் தீர்ந்து எப்பவோ ஆஃப் ஆகியிருக்கு, எவ்ளோ நேரமா வெறும் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல.

இந்த மாதிரி வேலைல இருக்கறவங்க பாட்ட எப்படி வச்சுக்கறீங்க? இன்னொண்ணு, ராத்திரி ஹால்ல மெல்லிசா ஏதாவது ஓடட்டும்னு சீலிங் ஸ்பீக்கர் நாலு ஆர்டர் பண்ணிருக்கேன், அது சரிதானா?

—

ராத்திரி_சாவி:

தம்பி, இந்த மாதிரி ஒரு இல்லத்துல ஆறு வருஷம் நைட் டூட்டி பாத்தவன் நான். உங்கள மாதிரியேதான் நானும் பாட்ட தண்ணி மாதிரி திறந்து விட்டுட்டு இருந்தேன். நாள் முழுக்க ஓடுற பாட்டு பாட்டு இல்ல தம்பி, ஃபேன் சத்தம்தான்.

2006ல ஹார்ட்னு ஒரு மருத்துவ இதழ்ல லூச்சியானோ பெர்னார்டின்னு ஒரு இத்தாலி டாக்டரும் அவர் குழுவும் ஒரு ஆய்வு போட்டாங்க. 24 பேரு, அதுல பாதி பேர் இசைக்கலைஞர்கள், ஆறு விதமான இசைய மாத்தி மாத்தி போட்டு மூச்சு, ரத்த அழுத்தம், இதயத்துடிப்பு எல்லாம் அளந்தாங்க. வேகமான தாளம் வந்தா எல்லாம் ஏறுச்சு, அது எதிர்பாத்ததுதான். ஆனா நடுவுல 2 நிமிஷம் எதுவும் போடாம சும்மா விட்டாங்க பாருங்க, அந்த நேரத்துல இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆரம்பத்துல இருந்ததுக்கும் கீழ இறங்கிடுச்சு. பாட்டு நின்ன பிறகுதான் அவங்களுக்கு நல்லா அடங்கியிருக்கு. நீங்க அந்த நிக்கற இடத்தையே உங்களுக்கு குடுக்கறதில்ல.

நான் பண்றது இதான். பத்தரைக்கு தலை எண்ணி, கதவ பூட்டி, ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு மாடிப்படில மூணாவது படில உக்காருவேன். ஒரே ஒரு பாட்டு, முழுசா. முடிஞ்சதும் போன கவுத்து வச்சிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே. கைல சாவிக்கொத்து இருக்கும், அத பிடிச்சிருக்கற பிடி தானா லூஸாகறது தெரியும். அப்ப எந்திரிப்பேன். அந்த பாட்ட வேற எந்த நேரத்துலயும் கேக்கவே மாட்டேன், பஸ்ல யாராவது போட்டா கூட எரிச்சலாயிடும் எனக்கு.

—

சுருதி_சேராதவள்:

சாவி அண்ணா சொன்னதோட சேத்து ஒண்ணு. நான் பாட்டு டீச்சர், அதனால இது என் ஏரியா.

கணக்கு எழுதும்போது புரியற மொழில வரிகளோட பாட்டு போடாதீங்க. படிக்கற எழுதற மூளையும் வரிய கேக்கற மூளையும் ஒரே மேசைல உக்காந்து சண்ட போடும். ரெண்டாவது, அந்த பியானோவ விட்டுடுங்க. அது கெட்டுப்போச்சு, அவ்ளோதான், ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வரலாம்.

ஆனா எனக்கு உங்க போஸ்ட்ல கண்ணுல பட்டது புல்லாங்குழல். எடுத்தே நாளாச்சுன்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டீங்க! கேக்கறதும் வாசிக்கறதும் ஒண்ணு இல்ல. அண்ணா சொன்ன அதே பெர்னார்டி குழு 2001ல பிஎம்ஜேன்னு ஒரு மருத்துவ இதழ்ல இன்னொரு ஆய்வு போட்டிருக்காங்க, லத்தீன்ல ஜெபமாலை சொல்றவங்களுக்கும் யோகா மந்திரம் சொல்றவங்களுக்கும் மூச்சு நிமிஷத்துக்கு சுமார் 6 தடவைக்கு வந்துடுதாம், அந்த வேகத்துல இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே அலையா ஏறி இறங்குதாம். ரெண்டுலயும் பொதுவா இருக்கறது என்ன, நீளமா விடற மூச்சு. குழல்ல ஒரே ஒரு ஸா, எவ்ளோ நேரம் இழுக்க முடியுதோ இழுங்க, பாட்டெல்லாம் வேணாம், ராகம் வேணாம். முதல் நாள் காத்துதான் வரும், சத்தம் பிசிறும். பதட்டமா இருந்தா அந்த ஸா நடுங்கறது உங்களுக்கே கேக்கும், அத நேரா நிக்க வைக்கறதுலயே அஞ்சு நிமிஷம் போயிடும், அந்த அஞ்சு நிமிஷம் மனுவும் கிடையாது தெருவும் கிடையாது.

—

கணக்குப்புலி:

எல்லாரும் மன்னிக்கணும், இது பாட்டு பிரச்சினையே இல்ல. மூணு பேர் ஆரம்பிச்சதா சொல்றீங்க, ஆனா போஸ்ட் முழுக்க நான் நான்னு இருக்கு. லெட்டர் நீங்க படிக்கறீங்க, கணக்கு நீங்க எழுதறீங்க, ஸ்பீக்கர் ஆர்டர் கூட நீங்க. மத்த ரெண்டு பேர் என்ன பண்றாங்க?

நான் சில அமைப்புகளுக்கு கணக்கு பாத்திருக்கேன். எந்த செக்கா இருந்தாலும் ரெண்டு கையெழுத்து. கட்டிலுக்குன்னு குடுத்த பணம் கட்டிலுக்கு மட்டும்தான், அத எடுத்து கரண்ட் பில் கட்டினீங்கன்னா தூக்கம் போகத்தான் செய்யும், எந்த புல்லாங்குழலும் காப்பாத்தாது. வர்றேன்னு சொன்ன நன்கொடைய வந்த கணக்குல எழுதாதீங்க.

அப்புறம் பயத்த அளந்து பாருங்க. பேரிடர் முகாம்களுக்கு ஸ்பியர் கையேடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆளுக்கு குறைஞ்சது 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 30 பேருக்கு 105 சதுர மீட்டர், ரெண்டு கழிப்பறை. இது அடிமட்ட அளவு, உங்க ஊர் விதி இன்னும் கூட கேக்கலாம், ஆனா டேப்ப எடுத்து ஹால அளந்து பாத்தீங்களா இல்லையா? தெருக்காரங்க கிட்ட பேசும்போதும் கருணை மனிதாபிமானம்னு பேசாதீங்க, எத்தன மணிக்கு கதவு மூடும், ராத்திரி பிரச்சினைன்னா யார் போன் எடுப்பாங்க, அத ஒரு பேப்பர்ல எழுதி குடுங்க. மனுல கையெழுத்து போட்டவங்கள்ல நாலு பேராவது இத கேக்கத்தான் போட்டிருப்பாங்க.

—

சுருதி_சேராதவள்:

புலி சார், ரெண்டாவது கையெழுத்து வர்ற வரைக்கும் மனுஷன் மூச்சு விட வேணாமா?

—

கணக்குப்புலி:

விடட்டும் மேடம். கணக்கு எழுதிட்டு விடட்டும்.

—

அங்க_இருந்தவன்:

இங்க நான் படிக்கறதோட சரி, எழுதறதில்ல. ஸ்பீக்கர்னு பாத்ததும் எழுதறேன்.

இப்படி ஒரு இடத்துல ஏழு மாசம் தங்கியிருக்கேன். தினமும் ஒன்பது மணிக்கு மேல இருந்து மெல்லிசா ஒரு இசை வரும். நல்லவங்கதான் போட்டாங்க, நல்ல மனசோடதான். என் பக்கத்து கட்டில்காரர் அது வந்தாலே போர்வைய தலை வரைக்கும் இழுத்து காத பொத்திக்குவார். ஏன்னு நான் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. எங்க எல்லாருக்கும் சாப்பாட்டு நேரம் அவங்க முடிவு, லைட்டு அவங்க முடிவு, குளிக்கற நேரம் அவங்க முடிவு, இப்ப காதுக்குள்ள போறதும் அவங்க முடிவு. தெருவுல தூங்கும்போது கூட சத்தம் பிடிக்கலன்னா எந்திரிச்சு வேற இடம் போவேன்.

படுக்கற ரூமுக்கு 30 டெசிபல் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 1999ல சொல்லியிருக்கு. முப்பது பேர் ஒரே ஹால்ல குறட்டை விட்டா அது எப்பவோ தாண்டிடும், அதுக்கு மேல ஸ்பீக்கர் வேறயா.

நாங்க சண்ட போட்டதெல்லாம் பிளக் பாயின்ட்டுக்கு. முழு ஹாலுக்கும் ரெண்டே ரெண்டு. கட்டிலுக்கு ஒரு பிளக் இருந்தா அவனவன் போன சார்ஜ் போட்டு அவனவனுக்கு வேணுங்கறத காதுல மாட்டிக்குவான், வேணாம்னா கழட்டுவான்.

இன்னொண்ணு சொல்லணும். மெல்போர்ன்ல 2006ல கொயர் ஆஃப் ஹார்ட் நாக்ஸ்னு ஒரு பாட்டுக் குழு ஆரம்பிச்சாங்க, லண்டன்ல 2008ல கொயர் வித் நோ நேம்னு ஒண்ணு, வீடில்லாம கஷ்டப்பட்டவங்க பாடற குழு. எங்க இடத்துல அதெல்லாம் இல்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் பக்கெட்ட கவுத்து தட்டுவார், நாங்க அஞ்சாறு பேர் சுத்தி உக்காருவோம், வர இஷ்டம் இல்லாதவங்க வெளிய போயிடுவாங்க. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்கிட்ட ஐடி கார்டு கேக்கல.

—

முப்பது_கட்டில்:

எல்லாருக்கும் நன்றி, தனித்தனியா பதில் போடணும்னு நினைச்சு மூணு நாளாச்சு.

புலி சார், கோவம் வந்துச்சு முதல்ல. அப்புறம் ஹால அளந்தேன், தூண் ரெண்டையும் கழிச்சா 98 சதுர மீட்டர்தான் வருது. அதனால 28 கட்டில், என் பேரத்தான் மாத்த முடியல இங்க. ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரையும் உக்கார வச்சு பேசினேன், அவங்க "நீ குடுத்தாத்தானே பண்ணுவோம்"னு திருப்பி கேட்டாங்க, பதில் இல்ல என்கிட்ட. கணக்கு இனிமே என் பொறுப்பு இல்ல.

டீச்சர், குழல தேடி எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரி காத்துதான் வந்துச்சு. நேத்து ஸா ஒரு ஒன்பது செகண்ட் நின்னிருக்கும், வாசிச்சு முடிச்சிட்டு அண்ணா சொன்ன மாதிரி சும்மா உக்காந்தேன், தெருவுல ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டுச்சு, இத்தன மாசத்துல அந்த ஜன்னல் வழியா எதையும் கேட்டதா ஞாபகமே இல்ல.

அங்க இருந்தவரே, ஸ்பீக்கர் ஆர்டர கேன்சல் பண்ணிட்டேன். வயரிங் பண்றவர் நாளைக்கு வர்றார், ஒவ்வொரு கட்டிலுக்கும் பிளக் தலைமாட்டுலயா கால்மாட்டுலயா வைக்கணும்னு கேக்கறார். நீங்கதான் சொல்லணும்.

—

அங்க_இருந்தவன்:

தலைமாட்டுல. கை நீட்டினா எட்டணும், எந்திரிக்காம.