28 வாரத்தில் 5 கிலோதான் ஏறியிருக்கிறது, குழந்தை எடை குறையுமா?

மன்னார்குடி அக்கா: தங்கைக்கு 28 வாரம். உயரம் 155 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் 48 கிலோ, இப்போது 53. மூன்று வேளையும் சோறுதான்.

வயல்வரப்பு: பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 20. இதற்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ ஏறணும். நான்காம் மாதத்திலிருந்து வாரம் சுமார் 400 கிராம். 2 கிலோ போலப் பின்தங்கியிருக்கு. குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு கூடுது, அவ்வளவுதான். டேப் வைத்து அளந்தால் கருப்பை உயரம் (அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை) 26 செ.மீ.க்குக் கீழே இருந்தா, வளர்ச்சி ஸ்கேன் கேளுங்க.

குடந்தை: சோற்றைக் கூட்டாதீங்க. முட்டை, மீன், உளுந்தங்களி, வேர்க்கடலை சேருங்க. இரும்பு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும் (எங்க ஊர்ல இதுதான் கஷ்டம்!).

வயல்வரப்பு: இன்னொன்று. ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறினா அது சதையில்லை, நீர். முகவீக்கம், தலைவலியும் சேர்ந்தா அன்றைக்கே பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்க்கணும்.