புதுப்பிப்பு: வெளிப் படங்கள் சாய்வதும் அளவு பிசகுவதும்

வெளியிலிருந்து வரும் படங்கள் நோயாளி மதிப்பீட்டு மென்பொருளில் ஏறியதும் சாய்கின்றன, அளவும் பொருந்தவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் காரணம் பிடிபட்டது.

சாய்வுக்குக் காரணம் எக்ஸிஃப் திசைக்குறி, அதாவது படத்தை எந்தப் பக்கம் திருப்பிக் காட்டவேண்டும் என்று படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் எண். நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கைபேசி பிக்சல்களைத் திருப்பாமல் ‘6’ என்று மட்டும் எழுதிவைக்கும். மென்பொருள் அதைப் படிக்காவிட்டால் முகம் படுத்துவிடும். படத்தையே வலப்பக்கம் 90 பாகை திருப்பி, குறியை 1 ஆக்கிச் சேமியுங்கள்.

அளவுப் பிசகுதான் ஆபத்தானது. டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) எக்ஸ்ரேயை ஜேபெக் (சாதாரணப் படக்கோப்பு) ஆக்கினால், ஒரு பிக்சல் எத்தனை மி.மீ. என்று சொல்லும் பிக்சல் இடைவெளித் தகவல் (டைகாம் குறியெண் 0028,0030) பெரும்பாலும் தொலைந்துபோகும். அதன்பின் மில்லிமீட்டர் கணக்கை நம்பவே கூடாது. டைகாமாகவே ஏற்றுங்கள். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதென்றால், படத்திலுள்ள அளவுகோலில் 10 மி.மீ. குறித்து அளவைச் சரிசெய்யுங்கள். அளவுகோலும் இல்லையா? நீள அகல விகிதம் மாறாதவரை கோணம் அளக்கலாம், நீளம் வேண்டாம்.